நாலு மணி நேரம்

கத்திரி வெயிலின் ஒன்பதாம் நாள்.
புரசைவாக்கத்தில் நாற்பத்தொன்று.
இன்குபேட்டருக்குள் முப்பத்தேழுதான்.
ஊரைவிடக் குளிர்ந்த பெட்டியில்
செல்களைக் கொலைக்கு வைத்துவிட்டுக்
கடிகாரம் பார்க்கிறேன்.

ஒரு பக்கம், வார்டுபாய் ஏசுபாதம்
காலையில் கை நீட்டிக் கொடுத்த ரத்தம்.
"கொஞ்சமா எடும்மா, நைட் டூட்டி இருக்கு."
அதன் நிணநீர் அணுக்களில்
நூற்றுக்குப் பத்து தேறினால் அதிகம்,
சலித்துப் பிரித்த இயற்கைக் கொல்லிகள்.
பெயர்தான் அப்படி.
சாயமேற்றிப் பார்த்தால்
கசகசாவை விழுங்கிய ஜவ்வரிசி.

மறு பக்கம், கே ஐந்நூற்று அறுபத்திரண்டு.
எந்த ஊரிலோ ரத்தப் புற்றில் இறந்த
ஒரு பெண்மணியின் செல்கள்.
அவள் போன பிறகும் பிரிந்து பிரிந்து பெருகி
உறைபனியில் தூங்கி, விமானம் ஏறி
எங்கள் மூன்றாம் மாடிக்கு வந்தன.
"நான் நம்மாள்" என்று சொல்லும் அடையாளம்
மேலுறையில் பேருக்குக்கூட இல்லை.

மற்ற வீரர்கள் எதிரியைப் படிக்க
ஒரு வாரம் கேட்பார்கள்.
அவன் துண்டொன்றைச் சன்னலில்
தூக்கிக் காட்டினால்தான் நம்புவார்கள்.
கெட்டிக்கார வைரஸ் என்ன செய்யும்?
சன்னலையே அடைத்துவிடும்.
இது அங்கேதான் நிற்கும்.
தெரு முழுக்க விளக்கெரிய
ஒரு வீடு மட்டும் ஏன் இருட்டாயிருக்கிறது
என்று கதவைத் தட்டுகிற பேர்வழி.

ஒட்டும்.
கசகசா எல்லாம் ஒரு பக்கமாய் நகரும்.
துளையிட ஒரு புரதம்,
துளை வழியே ஓர் உத்தரவு:
உன்னை நீயே மடித்து வை.
சத்தமே வராது.

நேற்று சேத்துப்பட்டில்
டிக்கெட் பரிசோதகர் ஏறினார்.
என் சீசன் சீட்டு வெள்ளைக் கோட்டுப் பையில்
ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.
பக்கத்தில் சிமென்ட் காய்ந்த பாதங்களோடு ஒரு பையன்,
சீட்டும் இல்லை, தமிழும் இல்லை.
என் கண்ணாடியைப் பார்த்தார், தோள்பையைப் பார்த்தார்.
"பரவால்ல மேடம்."
அவனை நுங்கம்பாக்கத்தில் இறக்கிக் கூட்டிப்போனார்.

லேபைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களிடம்
'உடம்பின் போலீஸ்' என்றே இதுவரை சொல்லிவந்தேன்.
இன்று வாய் வரவில்லை.
இந்தச் செல்லுக்கு இரண்டு கைகள்.
ஒன்று 'அடி' என்னும், ஒன்று 'விடு' என்னும்.
இரண்டையும் கூட்டிக் கழித்த பிறகே எதுவும்.
சிவப்பணுவுக்கு அந்த அடையாளமே கிடையாது,
நாளெல்லாம் இதை உரசிக்கொண்டே ஓடுகிறது,
ஒரு கீறல் விழுவதில்லை.
துயரக் குறி தெரியாதவரை
அட்டை இல்லாதது மட்டும் குற்றமாகாது
என்று இதற்கு யார் சொன்னார்கள்?

இன்னொன்றும் உண்டு.
எனக்குப் பதினோரு வாரம்.
தனசேகருக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.
கருப்பைச் சுவரில் இப்போது
வெள்ளையணுக்களில் நூற்றுக்கு எழுபது
இதே ஜாதி.
கொல்லும் சாமானெல்லாம் உள்ளேயே இருக்க
அங்கே அது வாய்க்கால் வெட்டுகிறது.
ரத்தக்குழாயின் இறுக்கத்தைத் தளர்த்தி
அகலப்படுத்தி வழிவிடுகிறது,
பாதி அடையாளத்தைத்
தனசேகரின் கையெழுத்தில் வைத்திருக்கும்
ஒரு புது ஆளுக்கு.
எந்தத் தாளில் படித்தாலும்
அந்தப் பத்தியில் நான் கொஞ்சம் நின்றுவிடுகிறேன்.

மணி அடித்துவிட்டது.
சிவப்புச் சாயம் செத்ததற்குள் மட்டும் போகும்.
எண்ணி முடித்தேன்: நாற்பத்திரண்டு சதவீதம்.
மீதி எப்படித் தப்பியது என்று எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.

பஞ்சு ஒட்டிய முழங்கையோடு
ஏசுபாதம் வாசலில் நிற்கிறார்.
"என்னுது நல்லா சண்டை போட்டுச்சா?"
"நாப்பத்திரெண்டு."
யோசிக்கிறார்.
"முப்பத்தஞ்சுதானே பாஸு?"
"பாஸ்தான்."
ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு
லிஃப்ட் பக்கம் போகிறார்,
ஒரு சக்கரம் மட்டும் கிறீச்சிட.